'வந்து பார்' படத்தைப் பாதியில் நிறுத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைப்பட ரசிகர்களே,

எலெம் கிளிமோவ் இயக்கி 1985இல் வெளிவந்த சோவியத் போர்ப்படமான 'வந்து பார்' படத்தைத் தொடங்கிவிட்டு, நாஜிப் படையினர் கிராமத்து மக்களைக் கொட்டகைக்குள் அடைத்துத் தீ வைக்கும் இடத்திலோ, அதற்கும் முன்னாலோ நிறுத்திவிட்டவர்கள் நீங்கள். உங்களில் பலர் பொழுதுபோகாமல் படம் பார்ப்பவர்கள் இல்லை. தேடிப் பார்ப்பவர்கள், பார்த்ததைப் பற்றி எழுதுபவர்கள், நாலு பேருக்குச் சிபாரிசு செய்பவர்கள். அதனால்தான் இந்தப் படத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் சொல்லுக்கு எடை அதிகம். "வன்முறை அளவு கடந்துவிட்டது, மனுஷன் பார்க்க முடியாது" என்று நீங்கள் சொன்னால், கேட்பவர் அந்தப் படத்தின் பக்கமே போகமாட்டார். அந்தத் தீர்ப்பைத்தான் நான் மறுக்கிறேன். நீங்கள் நிறுத்தியதற்கு நீங்களே சொல்லிக்கொள்ளும் காரணம் உண்மையான காரணம் இல்லை என்பதும், நிறுத்தியதால் படத்தின் கொடுமை மட்டும் உங்களிடம் தங்கி, அது எதற்காகச் சொல்லப்பட்டதோ அது கைநழுவிப் போனது என்பதும் என் வாதம். சாட்சியத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வாசிக்கும் முன் நீதிமன்றத்தை விட்டு எழுந்து வந்தவரின் நிலை உங்களுடையது.

முதலில், அளவு கடந்த வன்முறை என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். படத்தில் கண்ணுக்கு முன்னால் நடப்பது எவ்வளவு என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். கொரில்லாப் படையில் சேர வீட்டை விட்டுப் போன ஃப்ளியோரா என்ற சிறுவன், கிளாஷா என்ற பெண்ணோடு தன் கிராமத்துக்குத் திரும்பி வருகிறான். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் சூப் இன்னும் சூடாக இருக்கிறது. தங்கைகளின் பொம்மைகள் தரையில் கிடக்கின்றன. ஈக்கள் விடாமல் ரீங்கரிக்கின்றன. எல்லோரும் தீவுக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு அவன் ஓட, பின்னால் ஓடும் கிளாஷா ஒரே ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாள். வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. சில நொடிகள்தான், அதுவும் தூரத்திலிருந்துதான். அவர்கள் எப்படிச் செத்தார்கள், யார் கொன்றார்கள் என்று எதையும் படம் காட்டவில்லை. கொட்டகைக் காட்சியிலும் அப்படித்தான். தீ வைத்த பிறகு கேமரா உள்ளே போவதே இல்லை. உள்ளிருந்து வரும் ஓலம் கேட்கிறது, வெளியே கைதட்டிச் சிரிக்கும் சிப்பாய்கள் தெரிகிறார்கள், அவர்களுக்கு நடுவே அந்தச் சிறுவனின் முகம் தெரிகிறது. நீங்கள் பார்த்ததாக நினைக்கும் கொடூரத்தில் பெரும்பகுதியை உங்கள் மனம்தான் நிரப்பிக்கொண்டது. படம் காட்டியதைவிட மறைத்தது அதிகம்.

இதை நாம் கொண்டாடிப் பார்க்கும் படங்களோடு வைத்துப் பாருங்கள். 2022இல் வந்த 'கே.ஜி.எஃப். 2' படத்தில் நாயகன் ஒரு காவல் நிலையத்தைப் பெரிய இயந்திரத் துப்பாக்கியால் சல்லடையாக்குகிறான். முடித்துவிட்டு, சூட்டில் சிவந்து கனன்றுகொண்டிருக்கும் குழலில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்கிறான். தியேட்டரே விசிலடித்தது. 2019இல் வந்த 'கைதி' படத்தின் உச்சக்கட்டத்தில் இயந்திரத் துப்பாக்கி எத்தனை பேரைச் சாய்த்தது என்று யாராவது எண்ணினோமா? அந்தப் படங்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவற்றுக்கு அவற்றின் சுவை உண்டு. ஆனால் பிணங்களை எண்ணி வன்முறையை அளப்பதானால், அந்தக் காட்சிகளிலேயே நீங்கள் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம் எளிது. அங்கே சாகிறவனுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, அடுப்பில் சூடான சூப் இல்லை. சுடுகிறவனின் பக்கம் நம்மை உட்காரவைத்து, அவன் கோபத்துக்கு ஒரு நியாயத்தையும் கொடுத்து, பின்னணி இசையோடு அது நடக்கிறது. ஆகவே வன்முறை உங்களுக்கு ஒவ்வாத பொருள் இல்லை. பலன் தராத வன்முறைதான் ஒவ்வவில்லை. கிளிமோவ் உங்களுக்குப் பழிதீர்த்த திருப்தியைத் தரவில்லை, நாயகனைத் தரவில்லை, தாளத்தைத் தரவில்லை. அந்த ஏமாற்றத்துக்குத்தான் நீங்கள் 'வன்முறை' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

படம் எதை எதையெல்லாம் தர மறுக்கிறது என்று பார்த்தால் அதன் கைத்திறன் புரியும். ஃப்ளியோரா தொடக்கத்தில் மணலைத் தோண்டி ஒரு துப்பாக்கியை எடுக்கிறான். அதோடுதான் படையில் சேர்கிறான். துப்பாக்கி கிடைத்த பையன் கடைசியில் எதிரிகளைச் சுட்டு வீழ்த்துவான் என்பது போர்ப்படத்தின் எழுதாத ஒப்பந்தம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அந்தத் துப்பாக்கி ஒரு முறைகூட வெடிப்பதில்லை. படைமுகாமில் மூத்த வீரன் ஒருவனுக்காக இவனுடைய நல்ல பூட்ஸைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கிழிந்ததைக் கொடுத்து, இவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சாகசம் அங்கேயே முடிந்துபோகிறது. பிறகு காட்டில் குண்டு விழுகிறது. அவன் காது அடைத்துப்போக, நமக்கும் வெகுநேரம் அந்த 'ங்ங்' என்ற ஒலிதான் கேட்கிறது, பேச்சு எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வருகிறது. அகலத்திரையைத் தவிர்த்துக் கிட்டத்தட்டச் சதுரமான சட்டகத்தில் முகங்களை நேருக்கு நேராக நிறுத்துகிறார் ஒளிப்பதிவாளர் அலெக்ஸேய் ரோதியோனொவ். பதின்பருவத்துச் சிறுவனாக அலெக்ஸேய் கிராவ்சென்கோ நடித்த அந்த முகம் கதையில் சில நாட்களுக்குள் சுருங்கி, வறண்டு, கிழமுகமாகிவிடுகிறது. போர் என்ன செய்யும் என்பதற்கு இந்தப் படம் காட்டும் முதன்மைச் சான்று அந்த முகம்தான். அதைப் பார்க்கத்தான் உங்களால் முடியவில்லை.

போருக்கு எதிரான போர்ப்படம் என்று ஒன்று உண்டா என்ற கேள்வியைப் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ எழுப்பியிருக்கிறார். திரையில் சண்டையைக் காட்டினாலே அது கவர்ச்சியாகிவிடும் என்பது அவர் கவலை. அதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. வியட்நாம் போரின் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்ல வந்த கொப்பொலாவின் 'அபோகலிப்ஸ் நௌ' படத்தில், வாக்னரின் இசையை அலறவிட்டபடி ஹெலிகாப்டர்கள் ஒரு கிராமத்தைத் தாக்கும். சாம் மெண்டிஸின் 'ஜார்ஹெட்' படத்தில், வளைகுடாப் போருக்குக் கிளம்பும் அமெரிக்கச் சிப்பாய்கள் அதே காட்சியைத் திரையில் பார்த்துக் கூடவே பாடி ஆர்ப்பரிப்பதாகக் காட்டுவார்கள். எதிர்ப்பாக எடுத்ததே உற்சாக பானமாகிவிடும் ஆபத்து அது. 'வந்து பார்' படத்தை எந்தப் படைமுகாமிலும் உற்சாகமூட்டப் போட முடியாது. ஏனென்றால் அதில் போரின் வேகம் இல்லை, போர் கடந்துபோன இடம்தான் இருக்கிறது. த்ரூஃபோவின் கேள்விக்கு ஒரு படமாவது நேராகப் பதில் சொல்கிறது என்றால் அது இதுதான். அப்படிப்பட்ட படத்தைப் பார்க்கவே முடியாத படங்களின் பட்டியலில் தள்ளிவிட்டு, பார்க்க இதமான போர்ப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டால், போரைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

அடுத்து, "இவ்வளவு நடந்திருக்காது, மிகைப்படுத்திவிட்டார்கள்" என்கிறீர்கள். இந்தக் கதை எழுத்தாளரின் அறைக்குள் பிறந்ததல்ல. கிளிமோவோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய அலெஸ் அதாமோவிச் பதின்பருவத்திலேயே பெலாரஸ் காடுகளில் கொரில்லாப் படையில் இருந்தவர். 1970களில் அவரும் யான்கா பிரில், விளாதிமிர் கொலெஸ்னிக் என்ற இரு எழுத்தாளர்களும் எரிக்கப்பட்ட ஊர் ஊராகப் போய், தப்பிப் பிழைத்தவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்து நூலாக்கினார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் தன் எழுத்துமுறைக்கு ஆசான் என்று சொல்வது இந்த அதாமோவிச்சைத்தான். ஹாத்தின் என்ற கிராமத்தில் 1943 மார்ச் 22 அன்று ஊராரை ஒரு கொட்டகைக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். 149 பேர் மாண்டார்கள். அவர்களில் 75 பேர் குழந்தைகள். மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட பெலாரஸ் கிராமங்கள் 628 என்று படத்தின் முடிவில் எழுத்தாகவே வருகிறது. கிளிமோவுக்கும் இது கேள்விப்பட்ட போர் இல்லை. ஸ்டாலின்கிராடில் பிறந்தவர் அவர். நகரம் எரிந்துகொண்டிருக்கையில் தாயோடும் தம்பியோடும் வோல்கா ஆற்றைக் கடந்து தப்பிய சிறுவன். இந்தப் படத்துக்குப் பிறகு 2003இல் இறக்கும்வரை அவர் வேறு படம் எடுக்கவில்லை.

"எப்படியானாலும் சோவியத் பிரச்சாரம்தானே" என்று உங்களில் சிலர் கேட்பதை நான் அறிவேன். கேட்க வேண்டிய கேள்விதான். பாசிசத்தை வென்றதன் 40ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த படம், மாஸ்கோ திரைவிழாவில் தங்கப் பரிசும் பெற்றது. ஆனால் இந்தத் திரைக்கதையைப் படமாக்கவிடாமல் பல ஆண்டுகள் முடக்கிவைத்ததும் அதே அரசின் திரைத்துறை நிர்வாகம்தான். பிரச்சாரப் படமென்றால் கொரில்லாப் படையினர் வீரத் திருவுருவங்களாக இருக்க வேண்டும். இங்கே அவர்கள் ஒரு சிறுவனின் பூட்ஸை வாங்கிக்கொண்டு அவனை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு பசுவைத் திருடப்போய் ஆளையும் பசுவையும் இழக்கிறார்கள். ஜெர்மானியரோடு சேர்ந்து கிராமங்களை எரித்த துணைப்படைகளில் சோவியத் மண்ணைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பது அந்தக் காலத்தில் அதிகாரிகள் உரக்கப் பேச விரும்பாத உண்மை. படம் அவர்களை மறைக்கவில்லை, அவர்கள் பேசும் மொழியோடு காட்டுகிறது. ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1940இல் கத்தீன் காட்டில் சோவியத் ரகசியக் காவல்துறை போலந்து அதிகாரிகளைக் கொன்று புதைத்தது போன்ற குற்றங்கள் இந்தப் படத்தின் எல்லைக்குள் இல்லை. 2022இல் உக்ரைன்மீது படையெடுத்த ரஷ்யா, நாஜிகளை ஒழிப்பதாகச் சொல்லி இரண்டாம் உலகப்போரின் நினைவையே முன்னே பிடித்தது. ஆனால் ஒரு நினைவை அரசுகள் தவறாகப் பயன்படுத்துகின்றன என்றால் அந்த நினைவைக் கவனமாகப் படிப்பதுதான் வழி. சொந்த ஊர்களை இழந்தவர்களின் வாக்குமூலத்தை மூடிவைப்பதால் எந்த அரசின் பொய்யும் வெளுத்துவிடாது.

உங்கள் மறுப்புகளில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. படப்பிடிப்பில் நிஜத் தோட்டாக்கள் பறந்தன என்பதை நடித்த கிராவ்சென்கோவே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு சிறுவனை அவ்வளவு மன அழுத்தத்துக்கும் உடல் வருத்தத்துக்கும் உள்ளாக்கி ஒரு படம் எடுப்பது சரியா? இன்று யாராவது அப்படிச் செய்தால் தடுத்து நிறுத்தத்தான் வேண்டும். கலை பெரிதென்பதால் அந்தக் கேள்வி சின்னதாகிவிடாது. ஆனால் இது படம் எடுக்கப்பட்ட முறை மீதான குற்றச்சாட்டு. இந்தக் காரணத்துக்காகவே பார்க்க மறுக்கிறேன் என்று உங்களில் யாராவது சொன்னால் அவரோடு எனக்கு வழக்கே இல்லை. 'கொடூரம் அதிகம்' என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களோடுதான் வழக்கு.

இப்போது, நீங்கள் தவறவிட்ட பகுதிக்கு வருகிறேன். கொட்டகை எரிந்த பிறகு படத்தில் என்ன நடக்கிறது? எரித்தவர்கள் கொரில்லாப் படையிடம் மாட்டிக்கொள்கிறார்கள். தோளில் ஒரு தேவாங்கை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த படைத் தலைவன், தான் யாருக்கும் தீங்கு நினைக்காத கிழவன் என்று கெஞ்சுகிறான். இன்னொருவன் சில இனங்களுக்கு எதிர்காலமே கூடாது என்று நிமிர்ந்து சொல்கிறான். பெட்ரோல் கேன் வருகிறது. அதைக் கொண்டுவந்து கொடுப்பவன் ஃப்ளியோரா. அந்த நொடியில் இவர்களையும் உயிரோடு கொளுத்த வேண்டும் என்று பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தோன்றும். தோன்றாதவர் இருந்தால் அவர் படத்தைக் கவனிக்கவில்லை என்றுதான் பொருள். ஆனால் தீ வைக்கும் முன்னரே துப்பாக்கிகள் வெடித்து எல்லாம் முடிந்துவிடுகிறது. நாம் காத்திருந்த பழியைக் கைக்கு எட்டும் தூரம்வரை கொண்டுவந்து, நமக்குள் என்ன எழுந்தது என்று நம்மையே பார்க்கவைத்துவிட்டு, படம் அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அதற்குப் பிறகுதான் அந்தத் துப்பாக்கி முதன்முறையாக வெடிக்கிறது. 'விடுதலை தந்த ஹிட்லர்' என்று எழுதிய படம் ஒன்று சேற்றுநீரில் கிடக்கிறது. ஃப்ளியோரா அதைச் சுடுகிறான். ஒவ்வொரு குண்டுக்கும் செய்திப்படக் காட்சிகள் பின்னோக்கி ஓடுகின்றன. விழுந்த குண்டுகள் விமானத்துக்கே திரும்புகின்றன, இடிந்த கட்டடங்கள் எழுகின்றன, பேரணிகள் கலைகின்றன. ஹிட்லர் முதல் உலகப்போர்ச் சிப்பாயாகி, மாணவனாகி, கடைசியில் தாயின் மடியில் உட்கார்ந்த குழந்தையாகிவிடுகிறான். அங்கே ஃப்ளியோரா நிறுத்திவிடுகிறான். சுட முடியவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறவர் வெளியே வரலாம் என்று கொட்டகை வாசலில் சொன்னவர்களை, ஜன்னல் வழியே வெளியே வந்த குழந்தையை மறுபடி உள்ளே தூக்கி எறிந்தவர்களை அவன் பார்த்தவன். அவர்களுக்கும் தனக்கும் நடுவே அவன் போட்டுக்கொள்ளும் கோடு அதுதான். படத்தின் மொத்தக் கொடுமையும் இந்த ஒரு மறுப்பை நோக்கித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. கொட்டகையைப் பார்க்காதவனின் கையில் அந்த மறுப்பு வெறும் நல்லுபதேசமாக இருந்திருக்கும். பார்த்தவனுடையது என்பதால்தான் அதற்கு மதிப்பு. கொட்டகையோடு நிறுத்திய உங்களுக்கு நாஜிகளின் செயல் மட்டும் தெரிந்திருக்கிறது. அவர்களைப் போல ஆகாமல் இருக்க ஒரு சிறுவன் என்ன விலை கொடுத்தான் என்பது தெரியாமல் போய்விட்டது.

இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்தியவர்களில் சிலர், 'உலகின் மிகக் கொடூரமான பத்துப் படங்கள்' என்ற வகையறா வீடியோக்களில் அந்தக் கொட்டகைக் காட்சியை வெட்டி எடுத்துப் போடுகிறீர்கள். தைரியமிருந்தால் பார் என்று பகிர்கிறீர்கள். அந்தக் காட்சியின் இறுதியில் என்ன வருகிறது என்று நினைவிருக்கிறதா? கொன்று முடித்த சிப்பாய்கள் ஃப்ளியோராவை மண்டியிடவைத்து, தலையில் துப்பாக்கியை வைத்து, சிரித்தபடி ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுடுவதற்காக இல்லை, ஞாபகத்துக்கு ஒரு படம் வேண்டும் என்பதற்காக. பிறர் துயரம் வேடிக்கைப் பொருளாவதைக் கண்டிக்கிற காட்சியையே துண்டாக்கி வேடிக்கைப் பொருளாக்குவது எந்த வகை ரசனை என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லோரும் இந்தப் படத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த ஒருவரிடமோ, ஊர் எரிவதைக் கண்ணால் கண்ட வேறு யாரிடமோ இதைப் பார் என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. இந்தப் படம் சொல்லவருவது அவர்களுக்கு முன்பே தெரியும். குழந்தைகளுக்கும் இது உரிய படம் அல்ல. நான் கேட்பது, போரைத் திரையிலும் செய்தியிலும் மட்டுமே அறிந்த உங்களிடம். போர் வேண்டும் என்று தொலைக்காட்சி விவாதங்களில் குரல்கள் உயரும்போது பக்கம் சேருகிறவர்களும், ஓட்டுப் போடுகிறவர்களும் நாம்தான். எந்தப் போரை ஆதரிக்கிறோம், எதை எதிர்க்கிறோம் என்பது அவரவர் முடிவு. அந்த முடிவை எடுக்கும்போது, குண்டு விழுகிற இடத்தில் இருக்கும் ஒரு வீட்டின் அடுப்பு நம் மனதில் இருக்க வேண்டும். அதை அறிக்கைகளும் எண்ணிக்கைகளும் தருவதில்லை. 628 என்ற எண்ணைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஒரே ஒரு ஊரோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தவரால் அப்படிப் போக முடியாது.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. ஒன்று, விட்ட இடத்திலிருந்து தொடராமல், ஒரு விடுமுறை நாளில் முதல் காட்சியிலிருந்து தொடங்கி, கைபேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே அமர்வில் கடைசி எழுத்து வரை பாருங்கள். தனியாக முடியாதென்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பாருங்கள், பார்த்ததும் பேசுங்கள். திரைப்படச் சங்கம் நடத்துகிறவர்கள் முன்னறிவிப்போடு திரையிட்டு, முடிந்தபின் கலந்துரையாடலுக்கு நேரம் ஒதுக்குங்கள். இரண்டு, துண்டுக் காட்சிகளைப் பகிர்வதை நிறுத்துங்கள், ஏற்கெனவே போட்டதை எடுத்துவிடுங்கள். மூன்று, முழுதாகப் பார்த்த பின்னும் இது தேவையற்ற வன்முறை என்றே உங்களுக்குத் தோன்றினால், அப்படியே எழுதுங்கள். ஃப்ளியோரா ஏன் சுடுவதை நிறுத்தினான் என்பதற்கும் அதில் ஒரு பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலோடு வரும் எந்த மறுப்பையும் படிக்கவும், வாதிடவும், நியாயமிருந்தால் ஏற்கவும் நான் தயார்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஒரு பார்வையாளர்